மேல்மலைக்கு வாரம் ஒரு நாள் பிசியோதெரபி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொடைக்கானல் மலைச்சாலையில் ஒரு வேன் கவிழ்ந்தால், மூட்டை ஏற்றிய பிக்கப் உருண்டால், மறுநாளே உங்கள் நாளிதழில் செய்தி வந்துவிடுகிறது. இறந்தவர் எத்தனை, அடிபட்டவர் எத்தனை, எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள் என்பது வரை எழுதுகிறீர்கள். அந்த அடிபட்டவர்கள் வீட்டுக்கு வந்த பிறகு என்ன ஆனார்கள் என்று யாரும் எழுதி நான் படித்ததில்லை. மூட்டை தூக்கினவர் திரும்பத் தூக்குகிறாரா, படி இறங்க முடிகிறதா, கக்கூஸில் குத்தவைத்து உட்கார முடிகிறதா? கொடைக்கானலைத் தாண்டி இருக்கிற எங்கள் மேல்மலைக் கிராமங்களில் பாதிக் கஷ்டம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் பூம்பாறையில் பூண்டு போடுகிறவள். வயது 55. சர்க்கரை உண்டு, மாத்திரை சாப்பிடுகிறேன். எங்கள் ஊரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வீடு ஓர் அடுக்கு, காடு ஓர் அடுக்கு என்று மலைச்சரிவு முழுக்கப் படிக்கட்டுத்தான். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு இந்த அடுக்குகளில்தான் விளைகிறது. வண்டி வருகிற ரோடு வரைக்கும் எல்லாம் தலைச்சுமை, தோள்சுமை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஐப்பசியில், விதைப்பூண்டு ஊன்றுகிற நேரம். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. விதைப்பூண்டுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மேல் அடுக்கிலிருந்து இறங்கினேன். இடது கால் இரண்டு கல்லுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது, உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. முட்டிக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம், எனக்கே காதில் கேட்டது. விழாமல் இருக்க வலது கையை நீட்டிக் கல்கட்டில் ஊன்றினேன். உடம்புப் பாரம் மொத்தமும் அந்தத் தோளில் இறங்கியது. ஆக இடது முட்டியும் வலது தோளும் ஒரே நிமிஷத்தில் போயின.

சாயங்காலத்துக்குள் முட்டியில் நீர் கோத்து மடக்க முடியாமல் ஆனது. கீழே ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, “எலும்புல ஒண்ணும் இல்லம்மா, மூணு வாரம் ரெஸ்ட் எடுங்க” என்று சொல்லி, கையைத் தூளியில் போட்டு, மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பினார்கள். எலும்பில் ஒன்றும் இல்லை என்பது நிஜம்தான். ஆனால் முட்டிக்குள் இருக்கிற ஜவ்வும், தோளைச் சுற்றிப் பிடித்திருக்கிற தசைநாரும் எக்ஸ்ரேயில் தெரியாது. இதை அன்றைக்கு எங்களுக்குச் சொல்ல ஆளில்லை. மூன்று வாரம் கழிந்த பிறகு எப்படி எழுந்து நடப்பது, கையை எப்போது அசைக்கத் தொடங்குவது என்றும் யாரும் சொல்லவில்லை.

வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் பாசத்துக்குக் குறைவில்லை. முட்டி வலிக்கிறதே என்று அடியில் தலையணை வைத்து, கால் மடங்கினாற்போல் படுக்கவைத்தார்கள். அப்படிப் படுத்தால் வலி தெரியாது, இதமாக இருக்கும். கையைத் தூளியிலிருந்து எடுக்கவே விடவில்லை. மூன்று வாரம் முடிந்து எழுந்து பார்த்தால், முட்டி முழுசாக நீளவில்லை, கை காது உயரத்துக்குக்கூடப் போகவில்லை. கொண்டை போட முடியவில்லை. ரவிக்கையில் கை நுழைக்க மருமகள் வேண்டியிருந்தது.

அப்புறம்தான் தேனிக்குப் போய் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். முட்டியில் குறுக்கு ஜவ்வு பாதி கிழிந்திருந்தது, எலும்புக்கு நடுவில் மெத்தைபோல் இருக்கிற உள்பக்கப் பிறைச் சவ்வும் கொஞ்சம் கிழிசல். தோளைத் தாங்குகிற நான்கு தசைநார்களில் மேலே இருப்பது ஓரத்தில் பிய்ந்திருந்தது, அதோடு மூட்டை மூடியிருக்கிற உறை இறுகத் தொடங்கியிருந்தது. ஃப்ரோசன் ஷோல்டர் என்கிறார்களே, அதுதான். 40 வயதிலிருந்து 60 வயதுக்குள், அதிலும் பெண்களுக்கு, அதிலும் சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகமாக வரும் என்று எலும்பு டாக்டர் சொன்னார். முதலில் வலியோடு இறுகும், அப்புறம் வலி குறைந்து விறைப்பு மட்டும் நிற்கும், அப்புறம் மெல்ல மெல்ல இளகும். இதற்கு ஒரு வருஷமும் ஆகலாம், இரண்டு மூன்று வருஷமும் ஆகலாம். உங்களுக்கு ஆபரேஷன் வேண்டாம், பிசியோதெரபிதான் மருந்து, விடாமல் செய்யுங்கள் என்று எழுதிக்கொடுத்தார்.

ஜவ்வு கிழிந்தாலே ஆபரேஷன் என்று எங்கள் பக்கம் ஒரு பயம் இருக்கிறது. அந்தப் பயத்தில் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் வீட்டில் எண்ணெய் தேய்த்து நீவிக்கொண்டு கிடப்பவர்கள் நிறைய. எல்லாக் கிழிசலுக்கும் ஆபரேஷன் தேவைப்படாது. முட்டி மடக்கின நிலையில் பூட்டிக்கொண்டு நீளவே மாட்டேன் என்றாலோ, நடக்கும்போது கால் திடீர் திடீரென்று மடிந்து விழவைத்தாலோ உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். மற்றபடி பெரும்பாலும் தசைக்குப் பலம் ஏற்றினாலே வேலை பார்க்கிற அளவுக்குத் தேறிவிடலாம். ஆனால் பலம் ஏற்றச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும்.

கொடைக்கானலில் என்னைப் பார்த்த பிசியோதெரபிஸ்ட் சின்னப் பெண். என் மகள் வயதுகூட இருக்காது. கட்டிலில் உட்காரவைத்து முதல் வேலையாக முட்டிக்கு அடியில் இருந்த தலையணையை எடுத்தது. ஒரு துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்தது. “அம்மா, முட்டியைக் கீழ அமுக்குங்க, கட்டிலைத் தொடணும்னு நெனச்சு அமுக்குங்க” என்றது. அமுக்கினேன், தொடைச் சதை அசையவே இல்லை. கால் என்னுடையதுதான், நான் சொல்வதைத்தான் கேட்கவில்லை. முட்டியில் நீர் கோத்தாலே முன்தொடைச் சதை இப்படி அடங்கிப்போகும், சில வாரத்திலேயே வற்றியும் போகும் என்று அந்தப் பெண் விளக்கியது. டேப் வைத்து இரண்டு தொடையையும் அளந்து காட்டியது. இடது தொடை இரண்டு விரற்கடை சிறுத்திருந்தது. என் விரலை எடுத்து முட்டிச் சில்லுக்கு மேலே சதையின் மீது வைத்து, “இங்க துடிக்குதான்னு பாருங்க” என்றது. ரொம்ப நேரம் கழித்து ஒரு சின்னத் துடிப்பு விரலில் தட்டியது. அந்தத் துடிப்பிலிருந்துதான் என் கால் திரும்பி வந்தது என்று சொல்வேன்.

முட்டிக்கு ஒரு வைத்தியம், தோளுக்கு ஒரு வைத்தியம் என்று தனித்தனியாகச் சொல்லிவிடலாம். இரண்டும் ஒரே ஆளுக்கு வந்தால் ஒன்று மற்றதை விடாது, அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். இடது முட்டி வலித்தால் கைத்தடியை வலது கையில் பிடிக்க வேண்டும், அதுதான் முறை. என் வலது கை தூளியில் கிடந்தது. இடது கையிலேயே தடியைப் பிடித்தால் பாரம் எல்லாம் அந்தக் காலிலேயே போய் விழுகிறது. தரையிலிருந்து எழ வேண்டுமென்றால் கையை ஊன்ற வேண்டும், ஊன்றினால் தோள் உயிர் போகிறது. வெளிக்குப் போவதுதான் பெரும்பாடு. எங்கள் வீடுகளில் எல்லாம் குத்தவைத்து உட்காருகிற கக்கூஸ்தான். என் மகன் மேலே சட்டத்திலிருந்து ஒரு கயிற்றைக் கட்டித் தொங்கவிட்டான், அதை இடது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தேன். பிறகு உறவுக்காரர் வீட்டிலிருந்து கமோடு வைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை வாங்கி வந்தார்கள். ஆஸ்பத்திரியில் நோயாளியைத் திருப்பி அனுப்பும்போது “உங்க வீட்டுல எந்த மாதிரி கக்கூஸ்?” என்று ஒரு வார்த்தை கேட்டால் எவ்வளவோ புண்ணியம்.

படி விஷயத்தை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் எழுதுகிறேன். ஏறும்போது நல்ல கால் முதலில் போக வேண்டும், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டிக்கு மோசம். படி இறங்கும்போது உடம்பு எடையைப் போல 3 மடங்குக்கு மேல் பாரம் முட்டியில் விழுகிறதாம். நான் 60 கிலோ இருப்பேன், 60 கிலோ பூண்டு மூட்டை மூன்றை ஒரு முட்டி மேல் ஏற்றினமாதிரி. அதுவும் சுமை இல்லாமல் சும்மா இறங்கும்போதே. எங்கள் ஊரில் பலசரக்குக் கடைக்குப் போகவே எத்தனை படி என்று எண்ணிப் பாருங்கள்.

தோளுக்கு அந்தப் பெண் சொல்லிக்கொடுத்தது எல்லாம் வீட்டுப் பொருளை வைத்தே செய்கிறவை. மேசையில் இடது கையை ஊன்றிக் குனிந்து, வலது கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டுவது. சுவரில் விரல்களை ஒவ்வொன்றாக நகர்த்தி மேலே ஏற்றுவது. அப்புறம் கயிறு. எங்கள் வீட்டில் பூண்டுக் கட்டைத் தொங்கவிடுகிற விட்டத்தில் ஒரு சின்ன உருளையை மாட்டிக் கயிற்றைப் போட்டார் என் வீட்டுக்காரர். நல்ல கையால் இழுத்தால் முடியாத கை தானாக மேலே போகும். வலி தாங்குகிற எல்லை வரை இழுத்து, நிறுத்தி, இறக்க வேண்டும். வலியை மீறி வெடுக்கென்று இழுத்தால் தோள் இன்னும் இறுகும். ரவிக்கை போடும்போது அடிபட்ட கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் நானும் மருமகளும் தினமும் காலையில் பட்ட பாடு கொஞ்சமல்ல.

இதெல்லாம் கொடைக்கானலுக்கு வந்து போனால்தான் கிடைத்தது. 2024-இல் மலைப்பகுதிப் பஸ்ஸிலும் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆனது எங்களுக்குப் பெரிய உதவி. அது இல்லையென்றால் நான் பாதியிலேயே விட்டிருப்பேன். ஆனால் பஸ்ஸின் முதல் படி எவ்வளவு உயரம் என்று பார்த்திருக்கிறீர்களா? இடது காலை ஊன்றி ஏற முடியாது, வலது கையால் கம்பியைப் பிடிக்க முடியாது. கண்டக்டர் தம்பி யாராவது இறங்கிவந்து கையைக் கொடுத்தால்தான் ஏற முடியும். வளைவுக்கு வளைவு பஸ் சாயும்போது முட்டியை மடக்கிக்கொண்டு முன்சீட்டுக் கம்பியை ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். சீசனில் கேட்கவே வேண்டாம், வரிசையாக நிற்கிற கார்களுக்குப் பின்னால் பஸ் நகராது. போய் அரை மணி நேரம் பயிற்சி செய்துவிட்டுத் திரும்பினால் ஒரு பகல் போய்விடும், முட்டி மறுபடி வீங்கியிருக்கும். ஒரு நாள் கூலியும் போச்சு. நானாவது பூம்பாறை. மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, போளூர், பஸ் கடைசியாகப் போய் நிற்கிற கிளாவரை, அங்கிருந்து எல்லாம் வாரத்துக்கு இரண்டு தடவை யாரால் வர முடியும்?

வராமல் போனவர்களை எனக்குத் தெரியும். பைக் வழுக்கி விழுந்து தோள் இறங்கின ஒரு பையன், வயது இருபதுக்குள்தான். யாரோ பக்கத்திலேயே இழுத்துச் சரிசெய்துவிட்டார்கள். தோளுக்குப் பக்கத்தில் நரம்பும் ரத்தக்குழாயும் ஓடுகின்றன, எக்ஸ்ரே பார்க்காமல் யாரும் இழுக்கக் கூடாது. இளம் வயதில் ஒருமுறை இறங்கின தோள் மறுபடி மறுபடி இறங்குகிற வாய்ப்பு மிக அதிகம், தசைக்குப் பலம் கொடுத்தால்தான் அதைத் தடுக்க முயல முடியும். அந்தப் பையனுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. இப்போது கேரட் மூட்டை தூக்கும்போதே தோள் கழன்றுகொள்கிறது என்கிறான். இன்னொரு அக்கா, முட்டி மடங்கின நிலையிலேயே நின்றுவிட்டதால் கெந்திக் கெந்தி நடக்கிறார். களையெடுப்புக்கு அவரை யாரும் கூப்பிடுவதில்லை.

வீட்டு ஆட்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மாவுக்கட்டு போட்டிருந்தால் எல்லாரும் இரக்கப்படுகிறார்கள். கட்டு இல்லாத பெண்ணை, அதுவும் நடமாடத் தொடங்கிவிட்டால், அடுப்படிக்கு வா, தண்ணீர் எடு, சும்மா சின்ன வேலைதானே என்கிறார்கள். பயிற்சி செய்ய வேண்டிய நேரம் காலையிலும் சாயங்காலமும், அதுதான் வீட்டில் வேலை நெரிக்கிற நேரமும். என் மருமகள் அந்த அரை மணி நேரத்தை எனக்கென்று ஒதுக்கிக்கொடுத்தாள். பிசியோதெரபிஸ்ட் செய்துகாட்டியதை எல்லாம் செல்போனில் படம் பிடித்துவந்து, சிக்னல் இல்லாத எங்கள் வீட்டில் அதைப் போட்டுப் போட்டுச் செய்யவைத்தாள். நான் இன்றைக்கு நடக்கிறேன் என்றால் அந்தப் பிள்ளைக்கும் அதில் பாதிப் பங்கு.

இப்போது எப்படி இருக்கிறேன் என்று கேட்டால், படி ஏறி இறங்குகிறேன். குத்தவைத்து முழுசாக உட்கார மட்டும் இன்னும் வரவில்லை, சின்னப் பலகை போட்டு உட்கார்ந்து களை எடுக்கிறேன். கை நெற்றிக்கு மேல் போகிறது. போன கார்த்திகையில் பூண்டுக் கட்டை விட்டத்தில் நானே மாட்டினேன், மேல் வரிசைக்கு எட்டவில்லை, கீழ் வரிசைக்கு எட்டியது. குளிர் அதிகமான மார்கழி விடியலில் தோள் இன்னும் கனக்கும், வெந்நீர் ஒத்தடம் கொடுத்து ஆட்டினால் சரியாகும்.

நான் கேட்பது புதுசாக ஒரு பெரிய ஆஸ்பத்திரி இல்லை. 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வீட்டுக்கே மாத்திரை வருவதுபோல், பிசியோதெரபியும் வீடு தேடி வர வழியிருக்கிறது. நல்ல திட்டம், எங்களுக்கு அதனால் நன்மை உண்டு. ஆனால் வட்டாரம் முழுக்கச் சுற்றுகிற ஒருவர், மேல்மலையும் கீழ்மலையுமாகப் பரந்து கிடக்கிற கொடைக்கானல் வட்டாரத்தில் வீடு வீடாகப் போய் ஒவ்வொருவரையும் வாரா வாரம் பார்ப்பது நடக்கிற காரியமா? எழுந்திருக்கவே முடியாத நோயாளிகளுக்கு வீட்டுக்குப் போகட்டும். எங்களைப் போல் கொஞ்சம் நடக்க முடிகிறவர்களுக்கு, மேல்மலையில் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரத்தில் ஒரு நாள், மாறாத ஒரு கிழமையில், பிசியோதெரபிஸ்ட் வந்து உட்கார்ந்தால் போதும். ஓர் அறை, இரண்டு கட்டில், சுவர், கயிறு, உருளை. இதற்கு மேல் கருவி ஒன்றும் வேண்டியதில்லை. சந்தைக்கும் ரேஷன் கடைக்கும் வருகிற நாளாகப் பார்த்து வைத்தால் ஜனங்கள் வருவார்கள். எந்தக் கிழமை என்று மாத்திரை கொண்டுவருகிற தன்னார்வலர் பெண்களே வீட்டுக்கு வீடு சொல்லிவிடுவார்கள். பிசியோதெரபிஸ்ட் வர முடியாமல் ஒரு வாரம் போனால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எங்களுக்கு ஒரு நாள் வீணாவது என்றால் ஒரு நாள் கூலி.

எலும்பு டாக்டர்களிடம் ஒரு வேண்டுகோள். “எலும்புல ஒண்ணும் இல்லை” என்று சொல்லும்போது, எத்தனை நாளில் கையை அசைக்கத் தொடங்க வேண்டும், எது சரியாகாவிட்டால் திரும்ப வர வேண்டும் என்பதையும் சீட்டில் தமிழில் எழுதிக்கொடுங்கள். எங்கள் ஊராட்சிகளுக்கும் ஒன்று: தெருப் படிக்கட்டுகளில் ஒரு பக்கமாவது இரும்புக் கைப்பிடி வையுங்கள். மழைக்காலத்தில் பாசி பிடித்த படியில் பிடித்து இறங்க ஒன்றும் இல்லாமல்தான் பாதிப் பேர் விழுகிறார்கள்.

ஆசிரியர் ஐயா, உங்கள் நிருபர் ஒருவரை மேல்மலைக்கு அனுப்புங்கள். அடிபட்டு வீட்டுக்கு வந்தவர்களின் வீடுகளுக்கு நானே கூட்டிப்போகிறேன். காலையில் கிளாவரை பஸ்ஸில் ஏறினால் பூம்பாறையில் இறங்கிக்கொள்ளலாம். எங்கள் வீட்டுக்குப் படி ஏற வேண்டும், மெதுவாகப் போகலாம்.

இப்படிக்கு,
பூண்டு விவசாயி,
பூம்பாறை, கொடைக்கானல் வட்டம்.